ரேவதி குடும்பத்தார்

வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியாமல் நாணயமாக நடத்தக்கூடிய வணிகம் இணைய வணிகம் ஒன்றுதான். அதில் அகப்பட்டுக்கொண்ட அன்பர்களே, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து என் மனைவி மங்கை கல்சட்டி விற்கிறாள். கடை அவளுடையது. ஒரே தாலாட்டு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, ஓய்வுக்குப் பின் அங்கே முகவரி எழுதும் பொறுப்புக் கிடைத்தது. உள்நாட்டுக்கு மட்டுமே அனுப்புவோம். சட்டி உடைந்து வந்ததாக ஏற்கெனவே இரண்டு புகார்கள். இன்னொன்று வந்தால் கடையை நீக்கிவிடுவோம் என்று விற்பனைத் தளத்தார் எச்சரித்திருந்த வேளையில்தான் இவை நடந்தன.

ஒரே கதவு எண்

ரேவதி என்பவரும் குமரேசன் என்பவரும் ஒரே நாளில் ஆளுக்கொரு சட்டி கேட்டிருந்தார்கள். இருவருக்கும் சென்னைக்கு வெளியே ஒரே தெரு, ஒரே கதவு எண். பெயருக்குப் பின்னிருந்த ஓர் எண் மட்டும் வேறுபட்டது. வேறுபாடுகளுக்கு அடியில் மூலம் ஒன்றே என்று கண்டு பழகியவன் நான். எண்களைப் பிழையெனக் கருதி நீக்கினேன். இரண்டு சட்டிகளையும் வைக்கோல் பொதிந்து ஒரே பெட்டியில் வைத்து, ஓர் அட்டையில் ‘ரேவதி குடும்பத்தார்’ என்று எழுதி ஒட்டி அனுப்பினேன். மங்கைக்கும் அது சரியாகவே பட்டது.

“பாவம், கூட்டுக் குடும்பம் போலருக்குங்க. ரெண்டு சட்டி எப்படிப் பத்தும்?”

வந்தது, வரவில்லை

பெட்டி ஒப்படைக்கப்பட்டது என்று தளம் காட்டியது. எதுவும் வரவில்லை என்று ரேவதி எழுதினார். இரண்டு சாட்சியங்கள் முரண்பட்டால் ஒன்றேனும் தவறாக இருக்க வேண்டும் என்பது நான் கற்ற முறை. ஆகவே, வாசலிலோ அடுத்த வீட்டிலோ பெட்டி இருக்கிறதா என்று அன்புகூர்ந்து பார்க்குமாறு மறுமொழி அனுப்பினேன். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, நான் நார்வேல இருக்கேன். அந்த வாசல நான் பார்த்ததே இல்ல. அது வெளிநாட்டுக்காரங்களுக்குப் பார்சல் வாங்கி அனுப்புற கிடங்கு. யாரு சாமான்னு பிரிக்கிறதே அந்த நம்பர வச்சுத்தான். என் பேருக்குப் பக்கத்துல இருந்துச்சே, எழுதுனீங்களா?”

வைக்கோல்

எண்களைச் சொல்லி வருத்தம் தெரிவிப்பதற்காகக் கிடங்கை அழைத்தேன். அவர்களோ வேறொரு சிக்கலை வைத்திருந்தார்கள். வைக்கோலை ஐரோப்பிய நாடுகள் உள்ளே விடா; எடுத்துவிட்டுத்தான் அனுப்ப முடியும். பஞ்சு, தாள் எதுவும் அவர்களிடம் இல்லை. இதற்கிடையே குமரேசன் ஜெர்மனியில் இருப்பது தெரியவந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சட்டி கிளம்பாவிட்டால் புகார்தான் என்று அவர் எழுதியிருந்தார். எது நடந்தாலும் மூன்றாவது புகார் உறுதி என்று நான் விளக்கத் தொடங்கியதும், மங்கை தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏந்தம்பி, வைக்கோல எடுத்தா சட்டி ஒடையும், வச்சா சட்டி போகாது. அப்ப எங்க சட்டி எங்கிட்டுத்தான் போறது?”

மங்கையின் தீர்வு

பிறகு அவள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது: அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன சாமான் வந்து கிடக்கிறது? வேறொரு கடையிலிருந்து இரண்டு பருத்திச் சேலைகள் வந்திருந்தன. சட்டியும் சேலையும் ஒரே பெட்டியில்தான் நார்வேக்குப் போகவிருந்தன. மங்கை ரேவதியை அழைத்தாள். குமரேசன் சட்டிக்கு நாங்கள் பஞ்சு அனுப்பிவைப்பது என்றும், ரேவதியின் சட்டியை அவருடைய சேலைகளிலேயே சுற்றுவது என்றும் முடிவாயிற்று. ரேவதி தயங்கவே இல்லை.

“தாராளமா சுத்தச் சொல்லுங்கக்கா. சேல கசங்குனா தேச்சுக்கலாம், சட்டி ஒடைஞ்சா ஒட்டவா முடியும்?”

ஜெர்மனியிலிருந்து

பஞ்சு போய்ச் சேருமுன்பே இரண்டு சட்டிகளும் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. எப்படி என்று விளங்கவில்லை. மங்கை சில நாட்கள் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்தாள். நார்வேயில் சட்டி பத்திரமாக இறங்கியது, ஒரே ஒரு சேலையோடு. மறுநாள் குமரேசன் அழைத்தார். அவர் பேசி முடிக்கும்போதுதான், நான் எழுதிய அட்டையைக் கிடங்குப் பணியாளர் முழுமையாக நம்பி, குடும்பத்துச் சேலைகளைக் குடும்பத்துச் சட்டிகளுக்குப் பங்கிட்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

“ஐயா, சட்டி ஒரு கீறல் இல்லாம வந்துருச்சு. நல்லாருக்குன்னு தளத்துல எழுதிப்புட்டேன், பயப்படாதீங்க. ஆனா உள்ள ஒரு சேலையும், ‘ரேவதி குடும்பத்தார்’னு ஒரு அட்டையும் இருந்துச்சு. ரேவதி யாருன்னு எங்க வீட்டுல ரெண்டு நாளாக் கேக்குறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. போன அவங்கட்டயே குடுக்குறேன், நீங்களே சொல்லிருங்க.”

கடை பிழைத்துக்கொண்டது; ஜெர்மனியிலிருந்து நார்வேக்கு இப்போது ஒரு சேலை போய்க்கொண்டிருக்கிறது, அனுப்புநர் என்ற இடத்தில், இதுவரை ஒரு சேலைகூட விற்றிராத எங்கள் கடையின் பெயரைத் தாங்கி.