கறிவேப்பிலைக்கு வெயில்

பென்டில் ஹில்லில் விற்பனைக்கு வந்த வீடொன்றைப் பார்க்கப் போனபோது, பின்பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் காலை வைத்ததுமே, அங்கிருந்த பூச்சாடிகளில் வெயிலில் வெந்த ஈரமண்ணின் மணம் முகத்தில் அடித்தது. "இந்த ரூமை எப்படி வேணா யூஸ் பண்ணலாம் மேடம். யோகா, படிக்கிறது, பார்ட்டி..." என்று விற்பனை முகவரான தமிழ்நாட்டுத் தம்பி அடுக்கிக்கொண்டே போனான். குடும்பம் நடத்தலாம் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

எனக்கு எட்டு வயதில், நாட்டை விட்டு வந்த புதிதில், இதே ஊரில், இப்போது இடித்து அடுக்குமாடியாகிவிட்ட ஒரு வீட்டின் கண்ணாடி அறையில்தான் நாங்கள் நாலு பேரும் வாடகைக்கு இருந்தோம். கோடையில் அவிந்து, குளிரில் விறைத்து, வீட்டுக்கார அன்ரியின் கறிவேப்பிலைச் சாடிகளுக்கு நடுவே காலை மடக்கிப் படுத்தோம். வெளியில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் உள்ளே தெரியும் என்பதால் அம்மா தன் சீலைகளைத் திரையாகக் கட்டிவைப்பார். விடிந்ததும் அன்ரி வந்து கண்ணாடியில் தட்டுவார்.

"தங்கச்சி, சீலையளைக் கழட்டும். கண்டுகளுக்கு வெயில் படவேணும்."

"ஓம் அக்கா."

சீலைகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அம்மா சூட்கேசுகளுக்குப் பின்னால் குந்தியிருந்து வேலைக்குப் போகும் உடுப்பை மாற்றுவார்; பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இன்னும் குனிவார். அன்ரியை நான் மன்னிக்கவில்லை. அம்மாவின் அந்த "ஓம் அக்கா"வையும்தான்.

"முக்கியமா செடிங்க நல்லா வரும் மேடம், எவ்வளவு வெளிச்சம் பாருங்க!" என்றான் தம்பி.

நான் போய், கண்ணாடியோரம் ஒதுக்கியிருந்த திரையை ஒரே இழுவையில் மூடினேன். கம்பியிலிருந்து கொளுக்கி ஒன்று தெறித்து விழுந்தது.