அப்பாவின் முழங்காலும் அம்மாவின் ரயிலும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்து, எங்களோடு அமர்ந்து உண்டு, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறப்போகும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகள் நான் எழுதுகிறேன். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அண்ணன் சொன்னார். நல்லதை மட்டும் எழுதினால் அப்பாவே நம்பமாட்டார். ஆகவே அவருடைய பிடிவாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், மழை ஒழுகும் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது. பிறகு வட்டகொடைக்கு அருகில் எங்கள் தோட்டத்துக்கு வந்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலையில் சேர்ந்தார். வழுக்கும் சரிவில் ஒரு காலை மடக்கி, மறுகாலை ஊன்றி, குனிந்தபடியே செய்யும் வேலை அது. அன்றைக்குக் கொடுத்த செடிகளை வெட்டி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு வருபவர் அப்பாதான். அந்தப் பெருமையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் பிறந்த வீடு வட்டவளை. கல்யாணம் முடிந்த கையோடு அப்பா அவரை ரயிலில் அழைத்துவந்தாராம். வட்டவளை, ரொசெல்ல, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று அழுதுகொண்டே ஒவ்வொரு ஸ்டேஷனையும் மனப்பாடம் செய்ததாக அம்மா சொல்வார். திரும்பிப் போக வழி தெரிய வேண்டுமே. அப்பாவிடம் கோபம் வந்தால் அந்த வரிசையை வட்டகொடையிலிருந்து திருப்பிச் சொல்லுவார். தலவாக்கலை, கொட்டகலை என்று அம்மா தொடங்கினாலே அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார். எங்கள் வீட்டுச் சண்டைகள் ஹட்டனைத் தாண்டியதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு துன்பங்கள் சோடியாக வந்தன. நீரிழிவு நோய் அம்மாவின் கண்பார்வையைக் கொண்டுபோனது. அதன்பின் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் அப்பாதான் அவரைக் கைபிடித்து அழைத்துப்போனார். அந்த நேரம் பார்த்து அப்பாவின் முழங்கால்கள் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கின. காலையில் கட்டிலைவிட்டு எழவே நெடுநேரம் பிடித்தது. லயத்துப் படிகளில் இருவரும் இறங்கி வருவதைப் பார்த்தால், யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் மூட்டுத் தேய்மானம் என்றார்கள். மாத்திரை கொடுத்து, உடற்பயிற்சி சொல்லித்தரும் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். அவர் சிங்களப் பெண். தமிழும் சிங்களமும் கலந்து பொறுமையாகப் பேசினார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டித் தூக்க வேண்டும். சற்று நேரம் அப்படியே பிடித்திருந்து மெதுவாக இறக்க வேண்டும். பிறகு மறுகால். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பழக வேண்டும். மேடு பள்ளமில்லாத பாதையில் கொஞ்சம் நடக்க வேண்டும். இதைக் கேட்டு அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆயுசு முழுக்க மலை ஏறி எறங்குன காலு மிஸ். இதுக்கு மேல என்னாங்க பயிற்சி?" என்று கேட்டார்.

முழங்காலைத் தாங்க வேண்டியது தொடைச் சதை, வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்ததில் அது மெலிந்துவிட்டது, அதைத் தேற்றினால் முழங்காலின் பாரம் குறையும் என்று மிஸ் விளக்கினார். தினமும் கொஞ்சமாக, ஆனால் விடாமல் செய்யச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அசையாத நாற்காலியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். வட்டகொடையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று அழைப்பவர், இதைக் கேள்விப்பட்டதும், தான் உட்கார்ந்திருந்த பலகை நாற்காலியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அதுவரை அப்பாவுக்கு மூட்டுவலித் தைலம் விற்றவரும் அவர்தான். இனித் தைல வியாபாரம் படுத்துவிடுமே நானா என்று அப்பா கேலி செய்தாராம்.

ஆனால் பழைய வேலைக்காரரின் புத்தி போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரம் முழுவதற்குமான பயிற்சியை அப்பா ஒரே காலையில் செய்து முடித்தார். கொடுத்ததை முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற கவ்வாத்து மலைக் கணக்கு அது. சனிக்கிழமை வரைக்கும் உள்ளதை முடித்தாயிற்று என்று அம்மாவிடம் பெருமை வேறு. மறுநாள் முழங்கால்கள் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தன.

அண்ணன் கொழும்பிலிருந்து ஓடிவந்தார். அவர் குடும்பத்தோடு இருப்பது ஒரே அறையில். நான் வாழ்க்கைப்பட்ட ஹட்டன் வீட்டிலோ என் மாமியார் படுக்கையில் இருந்தார். இருவரையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்க எங்கள் யாருக்கும் வசதியில்லை. அப்பா அண்ணனோடு கொழும்புக்கு, அம்மா என்னோடு ஹட்டனுக்கு, சித்திரைப் புதுவருடம் முடிந்ததும் கூட்டிப்போவது என்று பேசினோம். பாசத்துக்குக் குறைவில்லை, வேறு வழிதான் தெரியவில்லை.

அம்மாதான் வாய் திறந்தார். "என் கண்ணக் கொழும்புக்குக் கொண்டு போயிட்டு, என்னைய மட்டும் ஹட்டனுக்குக் கூட்டிப் போறீங்களாப்பா?"

புதுவருடத்துக்குள் அப்பா நல்லபடியாக நடந்தால் பார்க்கலாம் என்று மட்டும் அண்ணன் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

வீக்கம் வடிந்ததும் மீண்டும் மிஸ்ஸிடம் போய், முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கினார்கள். இந்த முறை அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அப்பாவின் தொடையில் கை வைத்துக்கொண்டார். "இனிமே கணக்கு ஒங்களுக்கில்லங்க, எனக்கு," என்றார். அப்பா எண்ணினால் ஒன்றுக்கு அடுத்தது பத்துதான். அதனால் அம்மா எண்களை விட்டுவிட்டுப் பழைய ரயிலை எடுத்தார். வட்டகொடை என்றதும் கால் மேலே போக வேண்டும். தலவாக்கலை என்று அவர் சொன்ன பிறகுதான் இறக்கலாம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்.

ஒருநாள் நானே பக்கத்திலிருந்து பார்த்தேன். கால் நடுங்கத் தொடங்கியதும், தலவாக்கலை வந்துவிட்டது என்று அப்பா தாமே அறிவித்தார். "சிக்னல் விழலங்க. வண்டி வெளிய நிக்குது," என்றார் அம்மா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். கை தொடையிலேயே இருந்ததால் அப்பாவால் ஏமாற்றவும் முடியவில்லை. மெய்யாகவே வலி கூடிய நாட்களில் மட்டும் அம்மா ரயிலைச் சீக்கிரமாக ஸ்டேஷனுக்குள் விட்டுவிடுவார்.

நாள் போகப்போக ரயில் கொட்டகலைக்குப் போனது. அடைமழை நாட்களில் வலி கூடினால் மறுபடியும் தலவாக்கலையோடு நிற்கும். வலி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அப்பா கையை ஊன்றாமல் எழுந்தார், படியில் நின்று நிதானித்து இறங்கினார். புதுவருடத்துக்கு அண்ணன் வந்தபோது வட்டகொடை ஸ்டேஷன் மேடையில் அப்பாவும் அம்மாவும் கைகோத்து நின்றிருந்தார்கள். லயத்திலிருந்து அதுவரை நடந்தே வந்திருந்தார்கள். பெட்டியும் கையுமாக இறங்கிய அண்ணன் அழுதுவிட்டார். பிரித்துவைக்கும் பேச்சு அந்த மேடையோடு முடிந்தது.

பிறகு ரயில் ஹட்டன்வரை ஓடியது. அதற்கு மேல் போக அப்பா ஒருநாளும் சம்மதிக்கவில்லை. விட்டால் நீ பிறந்த வீட்டுக்கே போய்விடுவாய் என்று அம்மாவைச் சீண்டுவார்.

அப்பாவைக் கொண்டுபோனது முழங்கால் அல்ல, நெஞ்சு நோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி நாளன்றும் அம்மா அவர் தொடையில் கை வைத்து ஸ்டேஷன்களை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் ஹட்டனைத் தாண்டினார். ரொசெல்ல, வட்டவளை என்று சொல்லி முடிக்கும்வரை அப்பா தடுக்கவில்லை. சற்று நேரத்தில் மூச்சு அடங்கியது. தோட்டத்து மண்ணிலேயே அடக்கம் செய்தோம்.

அன்போடு கற்றுத்தந்த மிஸ்ஸுக்கும், இன்றுவரை நாற்காலியைத் திருப்பிக் கேட்காத நானாவுக்கும், அம்புலன்ஸ் ஏற முடியாத பாதையில் அப்பாவைத் தோளில் சுமந்து இறக்கிய லயத்துப் பிள்ளைகளுக்கும், இழவு வீட்டில் எங்களுக்கு உலை வைத்த பக்கத்துக் காம்பராக் குடும்பங்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். பேர் சொல்லாமல் விட்டவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மா இப்போது ஹட்டனில் என்னோடு இருக்கிறார். அவருக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. நானாவின் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறார். நான் தொடையில் கை வைத்து ஸ்டேஷன் சொல்கிறேன். ஆனால் அம்மாவின் ரயில் வட்டவளையிலிருந்துதான் புறப்பட வேண்டுமாம், கல்யாணத்தன்று வந்த திசையில். நேற்றுக் காலை தலவாக்கலையிலேயே கால் நடுங்கியது. போதும், இறக்குங்கள் அம்மா என்றேன்.

"இரு புள்ள," என்றார். "வட்டகொடை வரட்டும். ஒங்கப்பா அங்கதான இருக்காரு."