பண்டசாலை மேடையில் என் குரல்

முல்லைத்தீவுக் கடற்கரையோரம் ஒல்லாந்தர் காலத்துப் பண்டசாலை ஒன்று பாழடைந்து கிடந்தது. ஐம்பதுகளின் கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அதற்கு நீல வர்ணம் பூசி, ஒரு முனையில் பலகை மேடை அடித்து, நாடக அரங்கு என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். மண்டபத்தின் நடுவே கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் தூண்கள். தூண்களுக்கு முன்னால் ஆண்களுக்குக் கதிரைகள். பின்னால் பெண்களுக்குப் பாய்கள். கொழும்பில்கூட இப்படியொரு அரங்கு இல்லை என்று அவர்கள் தொடங்கிய நாடக மன்றத்தின் தலைவர் சொல்லித் திரிந்தார். அது உண்மைதான்.

தலைவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிளாக்கர். எந்த நாடகம் என்றாலும் அவரே அரசர். அரசி வேடத்துக்குத் தபால் கந்தோரில் வேலை செய்த ஆண் ஒருவர். மெலிந்த உடம்பைத் தவிர அவருக்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. நான்கு வரி வசனம் மனதில் நிற்காது.

அப்போது நான் அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தலைவர் வீடு தேடி வந்தார்.

"ரீச்சர், நீங்கள் திரைக்குப் பின்னால நிண்டு அரசிக்கு வசனம் எடுத்துக் குடுத்தாக் காணும். உங்கட பட்டுச் சீலையையும் ஒருக்காத் தாங்கோ."

"அப்ப அரசியா நானே நடிக்கலாமே?"

அவர் சிரித்தார். "பொம்பிளையள் மேடை ஏறினா மன்றத்தின்ர மரியாதை என்னாகிறது?"

இருந்தும் போனேன். நாடகத்தில் எனக்கு அவ்வளவு ஆசை.

நாடகத்தன்று, அரசி தன் கணவனைச் சபித்துப் புலம்பும் காட்சி வந்தது. முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். ஆள் அசையவில்லை. இரண்டாம் தரமும் கொடுத்தேன். அவர் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். சபையில் விசிலடித்தார்கள். பொறுக்கமுடியாமல், திரைக்குப் பின்னால் நின்றபடியே முழுக்குரலில் புலம்பலை நானே சொல்லத் தொடங்கினேன். அவர் வாயை மட்டும் அசைத்தார். மண்டபம் அடங்கிப்போயிற்று. தூண்களுக்குப் பின்னால் யாரோ விம்மும் சத்தம் எனக்குக் கேட்டது.

நாடகம் முடிந்ததும் தலைவர் அவருக்கு மாலை போட்டு, "பெண்களே தோற்றுப்போகும் குரல்!" என்று சபைக்கு அறிவித்தார். அவரும் கூச்சமில்லாமல் கும்பிட்டார். என் சீலை கரை கிழிந்து திரும்பி வந்தது.

அடுத்த வருடமும் தலைவர் வந்தார்.

"மேடையில ஏத்தினா வாறன்," என்றேன்.

"ஊர் என்ன கதைக்கும், ரீச்சர்?"

"போன வருசம் ஊர் அழுதது என்ர குரலுக்குத்தான்."

தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்த வருடம் பெண் பாத்திரமே இல்லாத நாடகம் ஒன்றைத் தேடிப்பிடித்தார்கள். மேடை முழுக்க மீசைகள். பெண்குலத்தின் பெருமையைப் பற்றி அரசர் நெடுநேரம் பேசினார். அவர் போர்க்களத்தில் சாகுமுன்பே பாய்கள் பாதி காலியாகிவிட்டன. நான் கடைசிவரை இருந்தேன். அவர் விழுவதைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.