விதானையார் எழுதிய முறைப்பாடு

"பிள்ளை, நீ எழுதினால் ஆர் வாசிக்கப்போகினம்?" என்று எங்கள் ஊர் அதிகாரியான விதானையார் என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று அவருடைய விறாந்தையில் வயல்கார முதலாளி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்றவள் அவருடைய வயலில் களை பிடுங்குபவள். அவளுடைய ஒன்பது வயது மகளை முதலாளி பலாத்காரம் செய்திருந்தார். நான் தாய்க்குத் துணையாகப் போயிருந்தேன்.

விதானையாரே முறைப்பாட்டை எழுதி, "இதில கைநாட்டு வை, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று அவளிடம் நீட்டினார்.

"ஒருக்கா வாசிச்சுச் சொல்லு தங்கச்சி" என்று அவள் கடதாசியை என்னிடம் தந்தாள்.

பிள்ளை படியில் விழுந்து காயப்பட்டது, யாரிலும் குற்றமில்லை என்று எழுதியிருந்தது. உரக்க வாசித்தேன். முதலாளி குடிப்பதை நிறுத்தவேயில்லை.

போன வருடம் கடைக்காரரின் மகளுக்கு இதே கொடுமையைச் செய்த கூலிக்காரனை, இதே விதானையார் கையைக் கட்டி அன்றைக்கே பொலிசுக்கு அனுப்பினார். அது சரியான காரியம். இந்த ஆளுக்கு மட்டும் கதிரையும் சீனி போட்ட தேத்தண்ணியும். அந்த வீட்டில் தந்த தண்ணீரைக்கூட நான் தொடவில்லை.

"அப்ப முறைப்பாட்டை நான் எழுதுறன்" என்றேன். அதற்குத்தான் ஆர் வாசிக்கப்போகினம் என்று அவர் கேட்டார்.

தாய் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அவள் அதில் கைநாட்டு வைத்தாள். சாட்சியாக என் முழுப் பெயரையும் எழுதினேன். மறுநாள் காலை தாயும் மகளும் நானுமாக மூவரும் ஓமந்தையில் பஸ் ஏறிப்போய், வவுனியாக் கோட்டில் நீதவானிடம் அதைக் கொடுத்துவிட்டோம்.