கொட்டகைக்குள் பெய்த மழை

சார்வரி வருஷம், சித்திரை மாதம் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால் மணி. இலை அசையாத புழுக்கம். மேற்கு மலைமேல் மேகம் கறுத்திருந்தது. நாலு நாளாக அது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததே தவிர, ஒரு சொட்டு விழவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் நாடகக் கொட்டகையின் திரைக்குப் பின்னால், என் உத்தியோகம் தங்குமா போகுமா என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கம்பெனியில் நான் பாட்டு வாத்தியார். பாட்டும் வசனமும் எழுதி, நடிகர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. பணம் போட்டு நாடகத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் காசிம் ராவுத்தர். பகலில் மண்ணெண்ணெய் வியாபாரம் செய்பவர், நல்ல மனுஷர், ஆனால் நஷ்டத்தை மறக்காதவர்.

இரண்டு வாரத்துக்கு முன் ராஜபாளையத்தில் இதே நாடகம் போட்டிருந்தோம். ராஜகுமாரி காட்டில் வழி தவறி, இடிந்த மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கும் காட்சி ஒன்று உண்டு. இடிக்கு ஒரு பெரிய தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டு உலக்கையால் அடித்தார்கள். முதல் அடியிலேயே ஊர் நாய்களெல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜகுமாரி அழ அழச் சிரிப்பு கூடியது.

மறுநாள் ராவுத்தர் என்னைக் கூப்பிட்டார்.

"ஓய் வாத்தியாரே, நீரு எழுதுனது அழுகைக் காட்சியா, கோமாளிக் காட்சியா?"

"தகரத்தை நான் அடிக்கச் சொல்லவில்லை, ராவுத்தரே."

"எழுத்துல மழை பெஞ்சிருந்தா தகரம் எதுக்குய்யா? வில்லிபுத்தூருலயும் சனம் சிரிச்சுதுன்னா, நீரு பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிரும். வேற வாத்தியாரப் பாத்துக்கிடுதேன்."

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊருக்குத் திரும்பியதும் என் பாட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே அடியில் 'தடதட, படபட, மடமட, கடகட' என்று நாலு ஒலிச்சொற்கள். தாளத்துக்கு நன்றாகப் பொருந்தின. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எவன் பேச்சும் கேட்காது அல்லவா, அது போல.

எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது எழுத வருகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்பதால் செய்ததைச் சொல்கிறேன். முதலில், 'மழை' என்ற சொல்லையே அந்தக் காட்சியிலிருந்து எடுத்தேன். பெயரைச் சொல்லிவிட்டால் கேட்பவன் காதைத் தீட்டமாட்டான். அடுத்து, சத்தம் எதன்மேல் விழுகிறது என்று பார்த்தேன். காய்ந்த சருகில் விழும் துளி 'பொட்' என்னும், கீற்றில் சடசடக்கும், புழுதியில் பொத்பொத்தென்று புதையும், கவிழ்த்த செம்புப் பானையில் 'ணங்' என்று தெறிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே 'சோ' போட்டால் அது எழுதுகிறவனின் சோம்பல். பிறகு, சிறிய சத்தத்தை முன்னால் வைத்து, அதற்குப் பின் கொஞ்ச நேரம் ஒன்றுமே வைக்காமல் விட்டேன். கேட்பவன் அடுத்த துளிக்காகக் காத்திருக்க வேண்டும். இடி வேண்டவே வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

பின்பாட்டுக்காரர்கள் நாலு பேர். இருவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினேன். மற்ற இருவரை ஜனங்களுக்குப் பின்னால், கீற்றுத் தட்டிக்கு வெளியே இருட்டில் உட்காரவைத்தேன். பாடக்கூடாது, முணுமுணுக்க வேண்டும்.

ஆர்மோனியம் வாசிக்கும் வெங்கட்ராஜு ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். தாளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏமய்யா, இது பாட்டா? பொட்டுங்குது, ணங்குங்குது. நான் எந்தச் சுதியில வாசிக்க?"

"நீர் வாசிக்க வேண்டாம்."

"வாசிக்காம இருக்கதுக்கா எனக்குச் சம்பளம்?"

"அந்தக் காட்சிக்கு மட்டும் அதற்குத்தான்."

அறுவடைக் காலம் என்பதால் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், சீக்கிரம் வீடு திரும்பும்படி அந்தியிலேயே நாடகத்தைத் தொடங்கினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எண்ணிவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். மூன்றாவது காட்சி வந்தது. ராஜகுமாரி வேஷம் கட்டிய சண்முகம் தூணில் சாய்ந்து நின்றார். திரைக்குப் பின்னால் இருந்த பின்பாட்டுக்காரர்களுக்கு நான் கையைக் காட்டினேன்.

"பொட்."

சண்முகம் தலையைத் திருப்பினார்.

"பொட்... பொட்."

"யாரது?" என்றார் மெல்ல. அது நான் எழுதிய வசனம். சத்தத்தை முதலில் கேட்கும் காது மேடையில் ஒன்று இருக்க வேண்டும்.

மிருதங்கக்காரர் விரல்நுனியால் விளிம்பைத் தொட்டார். ஜனங்களுக்குப் பின்னால் இருட்டில் இருந்த இருவர் சடசடவென்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் தாமதித்துச் சேர்ந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

அப்போது நடுவிலிருந்து ஒரு சம்சாரி எழுந்தார்.

"ஏலே, வத்தல் களத்துல கெடக்குடா!"

அவ்வளவுதான். அந்த மாதத்தில் ஊரில் பாதிப் பேருடைய மிளகாய் வற்றல் களத்தில் காய்ந்தது. ஒரு வருஷத்து உழைப்பு. நனைந்தால் பூஞ்சை பூத்துப்போகும், வாங்க ஆள் இருக்காது. கீற்றுத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு கூட்டம் ஓடியது. மிஞ்சியவர்கள் பதினொரு பேர். அவர்களில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

டிக்கெட் பெட்டியோடு ராவுத்தர் உள்ளே ஓடிவந்தார்.

"எங்கேய்யா சனம்?"

"வற்றல் அள்ளப் போயிருக்கிறார்கள்."

"எதுக்கு?"

"மழைக்கு."

அவர் வெளியே போய் வானத்தைப் பார்த்தார். உள்ளே வந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வெளியே ஒரு சொட்டு விழவில்லை என்றாலும், மேகத்தை நம்பாமல் வற்றலை அள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் கூட்டம் திரும்பியது. முதலில் எழுந்த சம்சாரி நேராக என்னிடம் வந்தார். உடம்பெல்லாம் மிளகாய் நெடி, கண் சிவந்திருந்தது.

"நீருதான் வாத்தியாரா? ஒம்ம மழையில என் வத்தலு ஒண்ணுகூட நனையல. ஆனா அம்புட்டையும் அள்ளி முதுகு ஒடிஞ்சு போச்சுய்யா. முதல்லருந்து ஆடச் சொல்லும்!"

பலர் உட்கார்ந்தார்கள். சிலர் அலுப்பில் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். ராவுத்தர் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"ராவுத்தரே, ஜனம் சிரித்தால் நான் போக வேண்டும் என்பதுதானே பேச்சு? ஒருத்தர் சிரித்தாரா?" என்று கேட்டேன்.

அவர் டிக்கெட் பெட்டியை மூடினார்.

"சிரிக்கல. ஒம்ம வேலை ஒமக்குத்தான். ஆனா இனிமே அந்தக் காட்சியக் கடைசியில வையும். சனம் ஓடுனாலும் நாடகம் முடிஞ்சிருக்கும், காசும் பொட்டியில கெடக்கும். இன்னிக்குத் திருப்பிக் குடுத்தது மட்டும் ஒம்ம சம்பளத்துலதான்."

நான் மறுக்கவில்லை. ஒலிச்சொல்லை எப்படி எழுதுவது என்று நானே கண்டுபிடித்தேன். எந்த இடத்தில் வைப்பது என்பதை மண்ணெண்ணெய் வியாபாரி சொன்னார். பிறகு இருபத்திரண்டு வருஷம் நாடகம் எழுதினேன். அன்றைக்கு வந்த மழைபோல் ஒன்று மறுபடி எனக்கு வாய்க்கவில்லை. அதைத் தலைநிமிர்ந்தே சொல்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு போனவர்கள் முப்பத்தேழு பேர், தரை டிக்கெட் ஓர் அணா. ஆக என் சம்பளத்தில் பிடித்தது இரண்டு ரூபாய் ஐந்து அணா.