ஸ்தோத்திரப் பெட்டியில் விழுந்த சீட்டு

சட்டை தைக்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் காலர் மட்டுமே தைத்ததால் அவளுக்குக் காலர் அக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. "அக்கா எதிர்ல வர்றவங்க மூஞ்சியைப் பார்க்காது, கழுத்தைத்தான் பார்க்கும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் சிரிப்பாள். உண்மையில் தெருவில் போகிற ஒவ்வொரு ஆம்பிளைப் பிள்ளையின் மூஞ்சியையும்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே மகன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவன் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு எல்லோரும் வீடு திரும்பின பிறகு, குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான். பெற்ற தகப்பனுக்கு ஒரு பிடி மண் போடவில்லை. இவள் வாசலை மறித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே இந்தப் படி ஏறாதே." பிறந்ததிலிருந்து அம்மா சொன்ன ஒன்றையும் கேட்காத பயல், பாருங்கள், அதை மட்டும் கேட்டுக்கொண்டான்.

தேடாமல் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாள். அவன் சிநேகிதர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினாள். ஆனால் விசாரித்தவர்களிடம், "வேலை தேடிப் போனான், தகவலே இல்லை" என்றுதான் சொன்னாள். படி விஷயம் மட்டும் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஆலயத்து விண்ணப்பப் பெட்டி. ஞாயிறு தவறாமல் ஒரு சீட்டு போடுவாள். ஆரம்பத்தில் பக்கம் பக்கமாக எழுதினாள். போகப் போக, ஆண்டவருக்குத் தெரியாததா என்று ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டு, "மகன் வீடு திரும்ப" என்பதோடு நின்றுவிட்டது.

"இன்னுமா எழுதறே?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கேளுன்னு சொன்னவர் அவரு. போதும்னு அவரே சொல்லட்டும், நிறுத்தறேன்."

வெடுக்கென்றுதான் சொல்வாள். காத்திருக்கிறவர்களுக்குச் சாந்தமான முகம்தான் இருக்கவேண்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்? எத்தனையோ நாள் முழங்கால் போட்டால் அழுகைதான் வரும், ஜெபம் வராது. சீட்டு மட்டும் நின்றதில்லை.

அந்த வருஷம் ஆலயத்துக்கு வெள்ளையடித்தார்கள். அடித்த புண்ணியவான்கள் பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள். விண்ணப்பப் பெட்டி இருந்த இடத்தில் ஸ்தோத்திரப் பெட்டி, அதாவது நடந்த நன்மைக்கு நன்றி எழுதிப் போடுகிற பெட்டி. அவள் எங்கே பேரைப் படித்தாள்? கை பழகின இடத்தில் போட்டுவிட்டது.

சீட்டுகளை ஆராதனையில் எல்லோருக்கும் கேட்க வாசிக்கிறவர் சபைச் செயலாளர். தபால் ஆபீஸில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவர். அரைகுறை விலாசத்தை முழுசாக்கிப் படிக்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. வாராவாரம் பார்த்துப் பழகின அவள் கையெழுத்து, ஸ்தோத்திரப் பெட்டியில். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணீரென்று வாசித்தார்: "நம்ம காலர் அக்கா மகன் வீடு திரும்பியதற்காக ஸ்தோத்திரம்!"

சபையே எழுந்துவிட்டது. ஒரே கைதட்டல், அல்லேலூயா. "சொல்லவே இல்லையேடி பாவி!" என்று பக்கத்து வீட்டுக்காரி கட்டிக்கொண்டு அழுதாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் வேறொரு நினைப்பு குறுக்கே வந்தது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வந்துவிட்டானோ? ஆலயத்தில் வாசித்தது பொய்யாகுமா? ஐம்பத்தெட்டு வயசு முழங்காலை வைத்துக்கொண்டு, செருப்புக்கூட மாட்டாமல், மூன்று தெரு தாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

பூட்டு பூட்டினபடியே தொங்கியது. படியில் யாருமில்லை.

"ஐயோ, என் ராசா" என்று அந்தப் படியிலேயே விழுந்தாள். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு அழுகை அவள் அழுததில்லை.

செயலாளர் அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். மனுஷனுக்கு முகமே செத்துப்போயிருந்தது. "தப்பு என்னுதும்மா. வர்ற வாரம் திருத்தி வாசிச்சிடறேன்."

"உங்க மேல தப்பில்லைண்ணா. நான்தான் பாதியை எழுதாமலே விட்டுட்டேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. செருப்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பெட்டியின் பேரை விரல் வைத்துப் படித்துவிட்டுச் சீட்டைப் போட்டாள். செயலாளர் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, இந்தத் தடவை ஒன்றும் கூட்டாமல், எழுதினபடியே வாசித்தார்: "இனிமே இந்தப் படி ஏறாதேன்னு நான் விரட்டின என் மகன் வீடு திரும்ப."

ஆமென் சொல்ல ஒருத்தருக்கும் நா எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் காலர் அக்காவேதான் சொன்னாள், ஆமென் என்று.

அன்றைக்கும் அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, அதே சீட்டை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதிக்கொண்டு போனாள்.