ஷாங்காய்க்கு வழி சொன்ன சிஞ்ஞோரா

பேய், ஆவி, குறி சொல்வது எதிலுமே எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இலங்கையிலிருந்து சிசிலித் தீவின் பலர்மோவுக்கு வந்த நாளிலிருந்து வயதானவர்களைப் பராமரிப்பதுதான் என் வேலை, இரண்டு பேருக்கு என் கையாலேயே கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், அவர்களில் ஒருவரும் திரும்பி வந்து என் கட்டிலை ஆட்டியதில்லை. ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போர்கோ வெக்கியோ பகுதியில் சந்தைக்கு மேலே ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன், இங்கத்தைய மரியாதைப்படி சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். சிசிலியைத் தாண்டி ஒரு அடி வைக்காத மனுஷி, இப்போது ஞாபக மறதி வேறு. ஒரே மகன் கார்லோவுக்கு ஷாங்காயில் வேலை. சீனி வருத்தக்காரன், இன்சுலின் ஊசி போடுபவன், தனியாக இருந்தான். தாய் காலையில் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக வீடியோவில் வந்துவிடுவான். சிஞ்ஞோராவுக்கு என் பெயர் மறந்துபோகும், அந்த அழைப்பு மட்டும் மறக்காது.

போன வருடம் நாங்கள் இருவரும் அவனிடம் போவதாக இருந்தது. விசாரிக்கிற வேலையெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. அங்கே குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, ஆனால் எந்தக் கடையில் கேட்டாலும் சுடுதண்ணீர் தருவார்கள். டாக்ஸிக்காரருக்கு நம் எழுத்து தெரியாது, போகிற இடத்தைச் சீன எழுத்தில் காட்ட வேண்டும். நாங்கள் கதைக்கிற ஆப் அங்கே வேலை செய்யாது, அவர்களுடையதைப் போட வேண்டும். மெட்ரோவுக்கும் போன்தான், மரக்கறிக்கும் போன்தான், அதில் சார்ஜ் போனால் ஆளே செத்த மாதிரி. இவ்வளவும் கேட்டு அறிந்தவள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இத்தாலிப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம் என்றார்கள், என் கையில்தான் நீண்டகால சொஜோர்னோ, இத்தாலியில் தங்குகிற அனுமதி அட்டை இருக்கிறதே, அதைக் காட்டித்தானே பாரிசுக்கும் ஜெர்மனிக்கும் கல்யாணவீடுகளுக்குப் போய் வருகிறோம், எனக்கும் வேண்டாமாக்கும் என்று இருந்துவிட்டேன். நான் வைத்திருப்பது இலங்கைப் பாஸ்போர்ட் என்பது டிக்கெட் போடப் போன இடத்தில்தான் உறைத்தது.

பயணம் தள்ளிப்போனது. அதற்கிடையில் கார்லோ வீடு மாறினான். மெட்ரோ ஸ்டேஷனின் பெயரை மட்டும் சொல்லி, விலாசத்தை நீங்கள் வரும்போது அனுப்புகிறேன் என்றான். நாங்கள் போகவில்லை, அவனும் அனுப்பவில்லை.

பிறகு ஒரு காலை அழைப்பு வரவில்லை. அடுத்த காலையும் வரவில்லை. வேலையிடத்தில் கேட்டால் அவர் லீவு என்றார்கள். சிஞ்ஞோரா பிஸ்கட்டைக் கையால் தொடவில்லை, ஜன்னலோரக் கதிரையில் இருந்து கீழே சந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணனின் மகன் ரஜீவன் ஷாங்காயில்தான் மருத்துவம் படிக்கிறான், நகரத்தின் மற்றக் கோடியில். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"வீடு எதெண்டு தெரியாமல் நான் போய் என்ன செய்யிறது மாமி? அந்த ஸ்டேஷனுக்கு எத்தினை வாசல் இருக்குதெண்டு தெரியுமோ மாமி?"

"நீ முதல் போ ராசா. அங்கை நிண்டுகொண்டு எடு, பாப்பம்."

அவன் ஸ்டேஷனுக்குள் நின்று எடுத்தபோது இங்கே சந்தை களைகட்டியிருந்தது, அங்கே பின்னேரம். எங்கே போகிறாய் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வெளிக்கிட்டு நிற்பவனை அப்படிக் கேட்டால் போன காரியம் சரிவராது என்பது எங்கள் ஆட்களின் பயம், தூரமோ என்றுதான் கேட்போம். பேய்க்குப் பயப்படாதவள் இதற்குப் பயப்படுவேன், சிரிக்காதீர்கள்.

அப்போது சிஞ்ஞோரா ஜன்னலைப் பார்த்தபடியே சிசிலியன் மொழியில், "அந்த வாசல் இல்லை, பூ விற்கிற வாசல்" என்றார். கீழே சந்தையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்ன பேய்த்தனமோ, அதை அப்படியே ரஜீவனுக்குச் சொன்னேன்.

"ஓம் மாமி, ஒரு வாசலிலை பூக்கடை இருக்குது" என்றான்.

போனில் ஏதோ கரகரத்து, ஒரு கணம் சத்தமே இல்லை, பிறகு முன்னைவிடத் தெளிவாக அவன் மூச்சு கேட்டது. சிஞ்ஞோரா நிறுத்தவில்லை. மேம்பாலத்தில் ஏறச் சொன்னார். பெரிய வீதி வேண்டாம், கிழவர்கள் சீட்டு விளையாடுகிற ஒழுங்கைக்குள் திரும்பு என்றார். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் "ஓம்... ஓம்" என்று மட்டும் வந்தது. வாய்க்கு வாய் மாமி போடுகிற பிள்ளை ஏன் ஒருதரமும் மாமி என்று சொல்லவில்லை என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. லிஃப்டுக்கு நிற்காதே, படியால் ஏறு, குடை காய வைத்திருக்கிற கதவு, கெதியாக, அவன் நிலத்தில் கிடக்கிறான், உடம்பு குளிர்ந்துபோச்சு என்றார். கதவில் அடிக்கிற சத்தம் கேட்டது, யாரோ சீனத்தில் கத்தினார்கள், அழைப்பு அறுந்தது.

நான் திரும்பினால் சிஞ்ஞோரா பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பால் ஆறிவிட்டது என்று எனக்குப் பேச்சு வேறு.

மத்தியானம் கழிந்து ரஜீவன் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தான். காவலாளி கதவைத் திறந்துவிட, இரண்டு நாளாய்க் காய்ச்சலில் படுத்திருந்த கார்லோ குளியலறை வாசலில் விழுந்து கிடந்தானாம், சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததாம், உயிர் இருக்கிறது, பிழைத்துவிடுவான் என்றான். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, "நான் சொன்ன வழி சரியாத்தானே இருந்தது?" என்று கேட்டேன்.

"நீங்கள் எங்கை மாமி சொன்னனீங்கள்? பூக்கடை எண்டு சொன்ன கையோடை என்ரை போன் செத்துப்போச்சு. மெட்ரோக் கேற்றைத் திறக்கேலாமல் அங்கை நிண்டவையைக் கெஞ்சித்தான் வெளியிலை வந்தனான்."

"விசர்க்கதை கதைக்காதை. அப்ப என்னோடை ஓம் ஓம் எண்டது ஆர்?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"செத்த போனுக்குள்ளை ஒரு வயசான அம்மான்ரை குரல் கேட்டது மாமி. பயந்துபோய்க் காதிலை வைச்சன். அவ சொன்ன வழியாலைதான் நடந்தனான். உங்கடை குரல் ஒருக்காலும் கேக்கேல்லை."

"அது சிஞ்ஞோராதான். பக்கத்திலை இருந்து சிசிலியனிலை சொல்லிக்கொண்டிருந்தவ."

"இல்லை மாமி. அவ கதைச்சது எங்கடை தமிழ். முதல் கேட்டதே, 'தூரமோ தம்பி?' எண்டுதான்."

பதற்றத்தில் மனம் எதையும் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கார்லோ எப்போதாவது தாய்க்கு அந்த வழியைச் சொல்லியிருக்கலாம், அதுவும் இருக்கட்டும். ஆனால் என் போனில் அந்த அழைப்பு கதவில் அடித்த நேரம் வரைக்கும் ஓடியதாகத்தான் காட்டியது. சிஞ்ஞோராவுக்குத் தெரிந்த தமிழ் 'தண்ணி' ஒன்றுதான். அந்த வீட்டுக்குள் நான் யாரையும் தூரமோ என்று கேட்டதில்லை, கேட்க அங்கே தமிழர் யார் இருக்கிறார்கள்.

கார்லோ குணமாகி வந்து தாயைப் பார்த்துப் போனான். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை, இந்தப் பையன் யார் என்று என்னிடம் கேட்டார். அவன் கண் கலங்கிச் சிரித்தான். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன்.

ஆனால் போன கிழமை, அட்டை விஷயமாகக் குவெஸ்தூரா போலீஸ் அலுவலகத்தில் ஒரு வேலை, கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடிக்குப் போனேன். முந்தியென்றால் எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று ஒரு சண்டை நடக்கும். அன்றைக்குச் சிஞ்ஞோரா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "லுந்தானு எ?" என்றார். அவருடைய மொழியில் அதற்கு, தூரமோ என்று அர்த்தம்.

கதவுப் பிடியில் கை வைத்தபடி தமிழிலேயே, "இல்லை அம்மா, கிட்டத்தான்" என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.